மோட்டார் ஓடிய சனிக்கிழமை

அப்பா இறந்த பதினோராம் நாள் கடல் கடந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கு நாடுகளில் தவளைகள் ஏன் குறைகின்றன என்று கணக்கெடுக்கும் குழுவின் தலைவி எழுதியிருந்தார். அப்பா அவரை நேரில் பார்த்ததே இல்லை. இருந்தும் "தவளைக்காரம்மா" என்று உறவு கொண்டாடிக்கொண்டிருந்தவர்.

'நீங்கள் அனுப்பிய கணக்கில் குட்டைத் தவளை இனத்தில் ஒன்று என்று இருக்கிறது. மூன்று வருடங்களாக நான்கு நாடுகளிலும் அதற்குப் பூஜ்யம்தான். எங்களில் இருவர் புறப்பட்டு வரத் தயார். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.'

மகள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த ஒன்றைப் படிவத்தில் ஏற்றியவள் அவள்தான்.

அப்பா நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஆபரேட்டர். நிலையத்தின் பின்னால் கசிவு நீர் தேங்கும் ஒரு குட்டை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் குழுவின் ஆய்வாளர் ஒருவர் வந்து ஒரே மதியத்தில் வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம், ஐந்து நிமிடம் நின்று குட்டைத் தவளையின் குரல்களை எண்ண வேண்டும். மோட்டார் ஓடினால் ஒன்றும் கேட்காது. அதனால் அப்பா அதை நிறுத்தினார். நிறுத்தினால் பதிவேட்டில் காரணம் எழுதியாக வேண்டும். 'தவளை' என்று எழுதினார்.

மேலதிகாரி குதித்துக்கொண்டு வந்தார். "என்னய்யா இது? ஊருக்குத் தண்ணி ஏத்துறியா, தவளைக்குத் தாலாட்டு பாடுறியா?"

"பாடுறது அதுங்க சார். நான் கேக்கறதோட சரி."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

நாற்பது, இருபத்தாறு, ஒன்பது என்று எண்கள் இறங்கின. தவளைகளைக் கொல்லும் காளான் நோய் ஒன்று சேறு வழியாகப் பரவுவதாகத் தவளைக்காரம்மா எழுதியபின், அப்பா குட்டைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் பூட்ஸை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவினார். "வீட்டுத் தரையை ஒரு நாள் இப்படிக் கழுவியிருப்பீங்களா?" என்பாள் அம்மா. ஒன்பதும் போய்ப் பூஜ்யம் வந்ததும், "பூஜ்யம் எழுத அவ்வளவு தூரம் போகணுமா? இங்கேயே உக்காந்து எழுதுங்களேன்" என்றாள். அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

மகள் வேறு ஊரில், தராசுகளையும் மீட்டர்களையும் சரிபார்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எண்ணிய மறு திங்கட்கிழமை அப்பா போனில் வாசிப்பார், இவள் ஏற்றுவாள். கடைசித் திங்கட்கிழமை, "மோட்டார் ஓடிட்டு இருந்துச்சும்மா. ஆனா ஒன்னு... ஒன்னு கத்தின மாதிரி இருந்துச்சு" என்றார். மூன்று வருடமாகக் கேட்காத குரல் அவருக்கு. மேசையில் தராசு காத்திருந்தது. "சூப்பர்ப்பா! ஒன்னு போட்டாச்சு."

"இரும்மா, அது வந்து..."

"சாயங்காலம் பேசறேன்ப்பா."

பேசவில்லை. அடுத்த வாரம் அப்பா இல்லை.

குறிப்பேடு அவருடைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அந்தத் தேதி, வானம், காற்று எல்லாம் சரியாக இருந்தன. எண்ணிக்கைக் கட்டத்தில்: 'மோட்டார் ஓடியது. எண்ணவில்லை.'

நீரேற்று நிலையத்துக்குப் போனாள். இப்போதைய ஆபரேட்டர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். அன்று நிறுத்தம் இல்லை.

"மேல்தொட்டி காலி, அக்கா. ஆஸ்பத்திரிக்குத் தண்ணி போய்ட்டு இருந்துச்சு. 'நிறுத்தட்டுமா சார்'னு நானே கேட்டேன். வேணாம்னுட்டாரு. சும்மா போய் நின்னுட்டு வந்தாரு. முகமெல்லாம் சிரிப்பு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு நிமிஷம் நிறுத்தினேன்னு ஒரு வரி சேத்துடவா? வெளிநாட்டுலேர்ந்து வருவாங்க. சார் பேரு புத்தகத்துல வரும்."

அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை. தவளை அங்கே இருந்தும் இருக்கலாம்.

"வேணாங்க," என்றாள். "ஆஸ்பத்திரிக்குத் தண்ணி போச்சு. அது அப்படியே இருக்கட்டும்."

அன்றே எழுதினாள்: 'அந்த ஒன்றைப் போட்டது நான். என் அப்பா அன்று எண்ணவில்லை, பக்கத்தை இணைத்திருக்கிறேன். அவர் பத்து நாட்களுக்கு முன் இறந்துவிட்டார். நீங்கள் புறப்பட வேண்டாம்.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இரங்கல் சொல்லி, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டதாகவும், மற்ற மாதங்கள் எல்லாம் அப்படியே இருப்பதாகவும் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: 'வரும் முதல் சனிக்கிழமை எண்ண யாராவது இருக்கிறார்களா?'

அப்பாவின் பூட்ஸ் அவளுக்கு இரண்டு அளவு பெரிது. முனையில் துணி திணித்து, கழுவி, மாட்டிக்கொண்டாள். அம்மா வாசல்வரை வந்தாள்.

மோட்டார் நின்றது. ஐந்து நிமிடம். பூச்சிகள். எங்கோ குழாயில் சொட்டு. வேறொன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் நிற்கலாமா என்று நினைத்தாள். நிற்கவில்லை.

"காரணம்னு என்னக்கா எழுத?" ஆபரேட்டர் உள்ளிருந்து கேட்டார்.

"எப்பவும் எழுதறதுதான்."

குறிப்பேட்டில் அப்பாவின் வரிக்குக் கீழே பூஜ்யம் போட்டாள்.