மடிக்கு வெளியே இருந்த மூச்சு

மடி ஆசார விஷயத்தில் வடிவாம்பாள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கணவர் கைலாசம் அண்ணாமலையார் கோயில் குருக்கள். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மட்டும், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் கழுவிய பித்தளைச் சம்புடத்தில் போட்டுப் பூஜை அலமாரியிலேயே வைத்துவிட்டாள். "உசிருக்கு ஏது மடி" என்றாள். அவளுடைய ஆஸ்துமா இன்ஹேலரோ கூடத்துப் பீரோமேல் கிடந்தது. மடியாக இருக்கும்போது அதைத் தொடமாட்டாள்.

மாமியார் திதியன்று மிளகு வறுத்த புகை அவள் மார்பை அடைத்தது. பீரோ பத்தடியில். அவள் கை சம்புடத்துக்குத்தான் போனது. அவர் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டாள்.

மூச்சு லேசாக இளகியது. உடனே தலை தெறித்தது, கண் இருண்டது. அடுப்படியில் சரிந்தவளைக் கைலாசம்தான் தூக்கினார்.

"அந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடுனு ஒரு வாயுவ விடும் மாமி" என்றாள் டாக்டர் தமிழ்செல்வி. "ரத்தக் குழாயச் சுத்தி இருக்கிற தசைய அது தளர்த்தும். மூச்சுக் குழாயச் சுத்தியும் அதே மாதிரி தசைதான். அதான் கொஞ்சம் லேசா இருந்திருக்கு. ஆனா ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்தா பிரஷர் இறங்கிடும். மூச்சுக்கு அத நம்பாதீங்க."

"என் உசிருக்கு மடி இல்லேன்னியே" என்று கைலாசம் மெல்லக் கேட்டார். "உன்னோடது உசிரில்லையா?"

வடிவாம்பாள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷத் திதிக்கு வைதிகர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுக்களையில் இருமல் கேட்டது. கைலாசம் ஈர வேட்டியோடு எழுந்தார். பீரோமேலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டு எல்லார் எதிரிலும் உள்ளே நடந்தார்.

"ஐயோ, விழுப்புன்னா அது. நீங்க மறுபடி குளிக்கணும்."

"குளிச்சுக்கறேன். முதல்ல நீ இழு."

"வந்தவா காத்துண்டிருக்கா."

"இருக்கட்டும். அம்மா கோச்சுக்கமாட்டா."

"யாரு, உங்கம்மாவா?" என்று திணறலுக்கிடையே சிரித்தாள் வடிவாம்பாள். இருந்தும் வாயைத் திறந்தாள். அவர் குப்பியை அழுத்த, அவள் ஆழ இழுத்து அடக்கினாள். அவள் தோள்கள் தணியும்வரை அவர் நகரவில்லை.

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

அந்தத் திதியன்று இலை போட நேரமாகிவிட்டது. அவர் மறுபடி குளித்துவிட்டு வந்தபோது அவள் நிதானமாக வடை தட்டிக்கொண்டிருந்தாள்.