எதிர்க்கடையின் கொரியன் சேலை

எங்கள் சின்னாளப்பட்டிக் கடைவீதியில் 'கொரியன்' என்றால் கொரியா நாட்டுக்காரர் என்று யாராவது பொருள் சொன்னால், அவரை வெளியூர் ஆள் என்று எழுதிவிடலாம். என் மகளுக்கு அது எண்ணெய் வழியாத முகம். திண்டுக்கல்லில் எனக்கு முடிவெட்டுபவருக்கு நெற்றியை மறைக்கிற கிராப்பு. பேக்கரிக்காரருக்குப் பூண்டு தடவிய பன். மொத்தத்தில் வழவழப்பாக, வெளிறிப்போய், கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தால் அது கொரியன். இந்த மூன்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எதிரே சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், நாலு முறை துவைத்தது போலிருந்த இளநிறச் சேலைகளை அடுக்கி, 'கொரியன் கலர்' என்று போர்டு மாட்டினார். அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். கல்லூரிப் பெண்கள் அவர் வாசலில் செருப்பு விட இடமில்லாமல் நின்றார்கள். என் சேலைக்கடையில் அரக்குச் சிவப்பும் மயில்பச்சையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

நானும் ஒரு போர்டு மாட்டினேன். ஒரு பெண் உள்ளே வந்து, "இதுல எதுண்ணே கொரியன்?" என்றாள். அரக்கைக் காட்டினேன்.

"இது எங்க அத்தை கட்டுறதுண்ணே" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனாள். போர்டைக் கழற்றிவிட்டேன்.

பிறகு ஒருநாள் அசல் கொரியாக்காரப் பெண்மணியே வந்துவிட்டார். மதுரைக் கோயிலைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறவர் என்று டிரைவர் சொன்னார். கார் எந்தக் கடை முன்னால் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் கேட்கிற சேலை இல்லையென்றால், பக்கத்துக் கடையில் வாங்கித் தன் சரக்காகவே காட்டலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவன் அது தன் கடைச் சேலை என்று மூச்சு விடக் கூடாது.

மச்சான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "மாப்ள, அரக்கு ஒண்ணு குடுங்க."

"எதுக்கு மச்சான்? உங்ககிட்டதான் கொரியன் கலர் அம்புட்டு இருக்கே."

"எல்லாத்தையும் விரிச்சுப் போட்டேன். அந்தம்மாவுக்குப் பிடிக்கல. இந்த ஊரு சேலை வேணுமாம்."

"அரக்கு தீந்துபோச்சே" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் நின்ற பொம்மை, தலை முதல் கால்வரை அரக்குதான் கட்டியிருந்தது. எதிர்க்கடைப் படியில் நின்று கொரியாக்கார அம்மா அதையே விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப இது என்னங்க, தக்காளிக் கலரா?" என்றாள் கல்லாவில் இருந்த என் மனைவி. பொம்மையை உரித்துச் சேலையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு போய்விட்டாள். வெற்றுடம்போடு நின்ற பொம்மையை மறைத்துக்கொண்டு நான் நின்றேன். எதிரே அந்த அம்மா அரக்கு உடுத்தி, ஒரு பக்கம் மச்சானும் மறுபக்கம் என் மனைவியும் நிற்கப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் இப்போது எதிர்க்கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதனால் எங்கள் வீதியில் கொரியன் என்ற சொல்லுக்குப் பொருளே மாறிவிட்டது. வெள்ளைப் புள்ளி போட்ட அரக்குதான் இப்போது கொரியன். மச்சான் காலையிலேயே என்னிடம் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்.

நேற்று செம்பட்டியிலிருந்து தாயும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். அரக்கை விரித்தேன். தாய் தடவிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

"இது சாதாரண சேலைம்மா. எதுத்தாப்புலதான் ஒரிஜினல் கொரியன்" என்றாள் மகள்.

ரெண்டும் ஒரே தறி தாயி என்று சொல்ல வாயெடுத்தேன். வழக்கத்தை நினைத்து மூடிக்கொண்டேன். அவர்கள் ரோட்டைக் கடந்தார்கள். விரித்த சேலையை நான் மடித்து முடிப்பதற்குள் மச்சான் வந்து நின்றார்.

"மாப்ள, காலைல எடுத்தது தீந்துபோச்சு, அரக்குல ஒண்ணு குடுங்க. செம்பட்டிக்காரங்க வந்திருக்காங்க. வெவரமான ஆளுங்க, பாத்த ஒடனே கொரியன்னு கண்டுபிடிச்சுருவாங்க."

கையிலிருந்ததையே கொடுத்தேன்.