விளையாடுறியா அக்காவும் மஞ்சள் கிளிப்பும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தை மேற்பார்க்கும் அவளுக்கு ‘விளையாடுறியா அக்கா’ என்று பெயர். நேரில் சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். பெயர் சும்மா வரவில்லை. யாராவது டாக்டர் கோட்டின் பையைத் துழாவாமல் மெஷினில் போட்டு, உள்ளே கிடந்த பேனா உடைந்து, வெள்ளை விரிப்பெல்லாம் நீலமாக வெளியே வந்தால் அவளிடமிருந்து முதலில் வரும் கேள்வி: “என்ன, விளையாடுறியா?” சூடு ஆறாத தலையணை உறையை மடித்தாலும் அதே கேள்விதான். ஆபரேஷன் அறைத் துணியை வார்டுத் துணியோடு கலந்துவிட்டால் கேள்வியோடு ஒரு பார்வையும் வரும். அந்தப் பார்வையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொதிக்கும்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஒரு மருத்துவமனையின் அழுக்கு மொத்தமும் அவள் தலையில்தான் வந்து விழுந்தது. விளையாட்டு என்பது பிள்ளைகளின் சமாசாரம், வேலைவெட்டி இல்லாதவர்களின் சமாசாரம் என்பது அவள் கட்சி. கீழ்வீட்டு வங்கி அதிகாரி லீவு நாளில் பேட்டும் கையுமாகக் கிளம்புவதைப் பார்த்தால், ‘பாவம், இந்த மனுஷனுக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை போல’ என்று உண்மையாகவே வருத்தப்படுவாள்.

கணவன் நகரப் பேருந்து டிரைவர், டூட்டி நேரம் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவன் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பான். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் பேச்சே சுருங்கிவிட்டது. ‘பால் இருக்கு’, ‘மோட்டார் போட்டாச்சு’ என்று போனில் அனுப்பிக்கொள்வதுதான் குடும்பம். சண்டை கிடையாது. சண்டை போடக்கூட இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே!

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: “தொலைதூர வண்டிக்கு ஆள் கேக்குறாங்க. வேற ஊரு டிப்போ. மாசத்துக்கு ரெண்டு தடவதான் வீட்டுக்கு வர முடியும். போகட்டுமா?”

அவளுக்கு ‘போகாதீங்க’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த மாதிரிச் சொல்லையெல்லாம் பேசியே பல வருஷமாகிவிட்டதால் வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது. வாயில் வந்தது வேறு.

“உங்க இஷ்டம்.”

கல்யாணமானவர்களுக்கு இந்த இரண்டு சொல்லின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. அவன் தலையை ஆட்டினான். “இங்க இருந்தாலும் நாம பாத்துக்கிறது அவ்ளோதானே” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

இதற்கிடையில் ஒரு கூத்து நடந்தது. இஸ்திரி போட்ட சட்டையை ஹேங்கரில் மாட்டி, காற்றில் பறக்காமல் இருக்கக் காலரோடு சேர்த்து ஒரு துணிக்கிளிப் போட்டுவைப்பது அவள் வழக்கம். ஒரு காலை, அவசரத்தில் ஹேங்கரை மட்டும் உருவிவிட்டுச் சட்டையைக் கொடுத்துவிட்டாள். மஞ்சள் கிளிப் காலரின் பின்பக்கத்தைக் கவ்வியபடியே டூட்டிக்குப் போனது. பேருந்து முழுக்கச் சிரித்திருக்கிறது. கடைசி டிரிப்பில்தான் கண்டக்டர் மனசு வந்து சொன்னான்.

ஊர்ப் பையெல்லாம் துழாவுகிற அவளே இப்படிக் கோட்டை விட்டாளே! திட்டு விழும் என்று காத்திருந்தாள். அவனோ கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் மதியம் சலவைக்கூடத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், ஸ்பூனின் கழுத்தைக் கவ்விக்கொண்டு மஞ்சள் கிளிப்!

அவள் சிரித்த சிரிப்பில் மடிக்கிற மேஜையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். “அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று ஒருத்தி கேட்டாள்.

அன்று மாலை கிளிப் அவன் ஷூவுக்குள் போனது. அடுத்து அவள் குடைக்குள், அவன் ஷேவிங் டப்பாவில், அவள் போர்வை நுனியில். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்பது தானாக வந்த சட்டம். வீட்டுக்குள் நுழையும்போதே அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. எங்கே வைத்திருப்பான்? இந்த ஆளுக்கு இவ்வளவு குசும்பு எங்கே ஒளிந்திருந்தது? அவன் இல்லாத நேரத்திலும் அவன் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனைக்கு மேலிடத்து ஆய்வுக்குழு வருகிறது என்றார்கள். போச்சு. சலவைக்கூடம் ரெண்டுபட்டது. வீட்டுக்கு வந்தால் படுக்கை, எழுந்தால் ஓட்டம். கிளிப் அவள் கைப்பையின் அடியில் கிடந்தது. ‘இதுக்கெல்லாம் இப்ப நேரமா, ஆய்வு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டாள்.

ஆய்வு நாளன்று விடியலில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டூட்டிக்குக் கிளம்பிய அவன், ஷூவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். ஒன்றும் விழவில்லை. தொப்பியைத் திருப்பிப் பார்த்தான். சட்டைக் காலரைத் தடவினான். அப்புறம், கடைக்குப் போய்ச் சாமான் கிடைக்காமல் திரும்புகிறவன் மாதிரி ஒரு முகத்தோடு நிமிர்ந்தான்.

“இன்னிக்கு மேனேஜர்கிட்ட முடிவு சொல்லணும்” என்றான். “போறேன்னுதான் நேத்தே சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு உறுதி பண்ணிடறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குச் சுருக்கென்றது. ‘இத்தனை நாளும் தினமும் தேடியிருக்கிறான், அடி பைத்தியக்காரி!’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எப்போதும் ஏறுகிற பேருந்தை அவள் விட்டுவிட்டாள். அவன் ஓட்டும் வண்டி வரும்வரை நின்று, பின்வாசல் வழியாக ஏறினாள். சரியான கூட்டம். கண்டக்டர் அடையாளம் கண்டுகொண்டு, “என்னக்கா, இந்த வண்டியில?” என்று ஆரம்பித்தான்.

“உஷ்! மூச்சு விடாதே.”

ஒரு பெரிய பயில்வானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து முன்னேறினாள். நாற்பது தாண்டிய பெண், கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை வேறு. ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றது. அவன் ஏறுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பிக்கு மேலே கையை நீட்டி, அதே காலரில், அதே இடத்தில் கிளிப்பை மெல்லப் பொருத்தினாள்.

முன்சீட்டுப் பெரியவர் மிரண்டுபோய், “என்னம்மா பண்றீங்க?” என்றார். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவரும் ஒன்றும் புரியாமல் தன் உதட்டில் விரல் வைத்துக்கொண்டார். அவள் இறங்கி ஓடியே போனாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தாமதம். ஆய்வுக்குழு வாசலில் நின்றிருந்தது. பெண்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகவே அடுக்கி வைத்திருந்தார்கள்.

“என்னக்கா, லேட்டு?”

“விளையாடிட்டு வந்தேன்” என்றாள். ஒருத்தியும் நம்பவில்லை.

மாலையில் அவன் வந்தான். ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். கையில் மஞ்சள் கிளிப்.

“மேனேஜர் முன்னாடி போய் நின்னேன். வாயத் தொறக்குறதுக்குள்ள, ‘என்னய்யா அது, கழுத்துல?’ன்னாரு. தடவிப் பாத்தேன்.” கிளிப்பை விரலால் அமுக்கித் திறந்தான். “‘நான் போகல சார்’னு சொல்லிட்டேன்.”

அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. “அவரு என்ன சொன்னாரு?”

“‘நேத்துப் போறேன்னே, இன்னிக்குப் போகலங்குற. என்ன, விளையாடுறியா?’ன்னாரு.”

“நீங்க?”

“‘ஆமா சார், இப்ப என் முறை’ன்னேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. “போகாதீங்கன்னு அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேங்க. வாய் வரல.”

“அதான் சொல்லிட்டியே, கழுத்துல” என்றான் அவன்.

மறுநாள் முழுக்க விளையாடுறியா அக்கா சலவைக்கூடத்தில் எல்லாரையும் விரட்டி விரட்டி வேலை வாங்கினாள். அவள் கொண்டையில் ஒரு மஞ்சள் கிளிப் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அங்கே ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை.