சுண்ணாம்புச் சிவப்பு

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. கையில் எது கிடைத்தாலும் முதலில் வாய்க்குள் போகும். க்ரேயான் நுனியைக் கடித்துத் தின்றுவிட்டு நீலப் பல்லோடு சிரித்தவள் அவள். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். கடைச் சாயம் எதுவும் வேண்டாம், இவள் விளையாடுகிற வண்ணமெல்லாம் அடுப்படியிலிருந்துதான் வர வேண்டும்.

வேலைக்காக வந்து தங்கிய மராத்தி ஊரில், சனிக்கிழமை காலை என்றால் எங்கள் மகர்பட்டா ஃப்ளாட்டின் கூடத்தில் பழைய பேப்பர் விரிந்துவிடும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மஞ்சள் கரைசலில் தோய்த்து அட்டையில் அழுத்தினால் பூ விழும். மைதாவைக் காய்ச்சினால் பசை. கீரை அரைத்த சாறு பச்சை. காலிப் பால் பாக்கெட்டில் மைதாக் கூழை ஊற்றி, மூலையைக் கத்தரித்துக் கொடுத்தால் அவள் இரண்டு கையாலும் பிதுக்கிப் பிதுக்கிப் புழு புழுவாகக் கோடு போடுவாள். செலவு என்று எதுவும் கிடையாது, எதை நக்கினாலும் பயமும் கிடையாது. ஆபீஸில் மற்ற அம்மாக்கள் ஆயிரக்கணக்கில் ஆர்ட் கிட் வாங்கிய கதையைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர் வரும். அதை நான் மறைத்ததும் இல்லை.

சிவப்பு மட்டும்தான் எங்களைப் படுத்தியது. பீட்ரூட் சாறு ஈரமாக இருக்கும்வரை அழகு, காய்ந்தால் அழுக்குப் பழுப்பு. இவளுக்கோ சிவப்புதான் உயிர். டேகேர் இந்தியில் "லால் வேணும், லால் குடு" என்று தரையை உதைப்பாள். சிவப்பு என்று நாங்கள் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் அவளுக்கு அது லால்தான்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து எனக்கு ஆபீஸ் கால். அமெரிக்காக்காரன் சாஃப்ட்வேரில் எதையோ உடைத்து வைத்திருந்தான், நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போக வேண்டியிருந்தது. "நீ போய்ப் பேசு, நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர். கதவைச் சாத்தினேன். வெளியே அப்பாவும் மகளும் வெண்டைக்காய் வைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அவர் வீட்டில் எதற்கெடுத்தாலும் ஆரத்தி. கல்யாணமா ஆரத்தி, பிள்ளை பிறந்ததா ஆரத்தி, தூர தேசம் போய்த் திரும்பினாயா, நில்லு வாசலிலேயே. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் பளீரென்று இரத்தச் சிவப்பாகும். அதைச் சுற்றி முடித்து, அந்தத் தண்ணீரையே தொட்டு நெற்றியில் பொட்டு வைப்பார்கள். புதிதாகக் கல்யாணமான அவர் தங்கை மாப்பிள்ளையோடு எங்களைப் பார்க்க வந்தபோது, இவர்தான் கீழே பான் டப்ரி என்கிற வெற்றிலைப் பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்திருந்தார். இந்த ஊரில் அது புகையிலை போடுகிறவர்களுக்காகச் சின்ன ட்யூபில் வரும், பற்பசைக்குத் தம்பி மாதிரி. மிச்சம் சாமி அலமாரியில் கிடந்தது.

மகள் லால் கேட்டிருக்கிறாள். இவருக்கு மூளையில் விளக்கு எரிந்துவிட்டது. மஞ்சள் கிண்ணம் எதிரிலேயே இருக்கிறது, சுண்ணாம்பு அலமாரியில் இருக்கிறது, ஒரு சொட்டு விட்டால் லால். ட்யூபைக் கொண்டுவந்து பேப்பர் மேல் வைத்துவிட்டு, கலக்குவதற்கு ஸ்பூன் எடுக்கச் சமையலறைக்குத் திரும்பியிருக்கிறார். அவ்வளவுதான். அவளுக்குப் பிதுக்கத் தெரியும்.

அந்த அலறலை இதற்கு முன் நான் கேட்டதில்லை. விழுந்து அழுகிற அழுகை வேறு, பிடிவாத அழுகை வேறு. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். வலது கண்ணை இரண்டு முஷ்டியாலும் கசக்கிக்கொண்டு அவள் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். இமை மயிரிலும் கன்னத்திலும் வெள்ளையாக அப்பியிருந்தது.

"என்னது இது? என்னது கண்ணுல?"

"சுண்ணாம்பு... ஸ்பூன் எடுக்கத்தான் திரும்புனேன்..."

"சுண்ணாம்பா? கொழந்தை கையில சுண்ணாம்பா?"

"ஆரத்தித் தண்ணிதானேன்னு நெனச்சேன். பச்சைக் கொழந்தைக்கே பொட்டு வெக்கறோமே..."

அவளை வாரிக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு ஓடினேன். இவர் கார் சாவியை எடுத்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் வா, இங்க நின்னு நேரத்தைக் கடத்தாத." அவர் சொல்வது சரி என்றுதான் ஒரு கணம் எனக்கும் பட்டது. கண் டாக்டரிடம் ஓடுவதை விட்டுவிட்டு இங்கே குழாயடியில் என்ன வேலை? ஆனால் கை குழாயைத் திறந்துவிட்டது. "மொதல்ல அவ டாக்டருக்குப் போனைப் போடு!" என்று கத்தினேன். சாதாரண நாளில் நான் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அந்த 'ங்க' எங்கே போனது என்றே தெரியவில்லை.

தடுப்பூசி போடுகிற குழந்தை டாக்டர் நல்லவேளையாக உடனே எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் பதறியது. வீட்டை விட்டு நகராதீர்கள், வண்டியில் உட்கார்ந்து வருகிற நேரமெல்லாம் சுண்ணாம்பு கண்ணைத் தின்றுகொண்டே இருக்கும், இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள், குழந்தை அழுதாலும் விடாதீர்கள் என்றார்.

விரித்துப் பிடி என்று சொல்லிவிடலாம். இரண்டரை அடிப் பிள்ளைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வருமோ. இவர் அவள் கைகால்களைப் போர்வையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். நான் என் இரண்டு விரலால் அவள் இமையைப் பிளந்தேன். ஆம், பிளந்தேன், வேறு சொல் இல்லை. உள்ளே வெள்ளைத் திப்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் பட்டதும் அவள், "அம்மா வேணாம், அம்மா விடு, அம்மா பேட்" என்று கதறினாள். என் மனசு விட்டுவிடு என்றது. விரலை எடுக்காமல் நின்றேன்.

பாதியில் குழாய் இருமியது. ஒரு கோடாக வந்த தண்ணீர் சொட்டாகி, அதுவும் நின்றது. எங்கள் சொசைட்டி டேங்கர் லாரித் தண்ணீரை நம்பிய அடுக்ககம், அன்றைக்கு டேங்கர் வரவில்லை. "ஐயோ, தண்ணி! தண்ணி போச்சு!" என்று நான் கத்தியது மாடி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். எதிர் வீட்டு மராத்தி அக்கா திறந்திருந்த கதவு வழியே உள்ளே வந்து பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, திரும்பி ஓடிக் குடிதண்ணீர் கேனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். "பாணி பஹுத் ஹை, தும் டாலோ" என்று சொல்லிக்கொண்டே சொம்பு சொம்பாக மொண்டு கொடுத்தார். தண்ணீர் நிறைய இருக்கிறது, நீ ஊற்று. அந்தக் கேன் காலியாகும்வரை ஊற்றினேன்.

கண் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இமையைப் புரட்டி, மிச்சமிருந்த துணுக்கை எடுத்தார். மஞ்சள் சொட்டு மருந்து விட்டு நீல விளக்கில் பார்த்தார். வெந்த இடம் பச்சையாக மின்னும் என்று எங்களுக்கும் காட்டினார். கருவிழியின் ஓரத்தில் தொடங்கி நடுப்பக்கம் வரை பச்சை. கழுவியதால் ஆழமாகப் போகவில்லை, ஆனால் நடுவில் தழும்பு விழுந்தால் பார்வை போய்விடும், ஆறும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார். அதுவரை அடிக்கடி சொட்டு மருந்து விட வேண்டும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் வாய் திறந்துகொண்டது. "பொட்டு வெச்சீங்களே, நல்லா வெச்சீங்க! உங்க ஆரத்தியைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அடிச்சுக்கூடப் போடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். "உங்களை அடிச்சா கண்ணு வந்துருமா?" என்று கேட்டுவிட்டு நான்தான் உட்கார்ந்து அழுதேன்.

சொட்டு மருந்து விடுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. இவர் மருந்துக் குப்பியைத் திறந்து என்னிடமே நீட்டிவிடுவார். அவர் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார், நான் இமையைப் பிரிப்பேன். முடிந்ததும் அவள் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சோறு அப்பா ஊட்ட வேண்டும், தூங்க அப்பா தோள் வேண்டும். நான் பக்கத்தில் போனாலே கண்ணைப் பொத்திக்கொண்டு, "கெட்ட அம்மா, போ" என்பாள். கோயம்புத்தூரிலிருந்து என் மாமியார் வீடியோ காலில், "கண்ணுல என்னாச்சு சாமி?" என்று கேட்டபோது, "அம்மா பண்ணா" என்று தெளிவாகச் சொன்னாள். இவர் குறுக்கே, "இல்லம்மா, நான்தான்" என்று தொடங்கி நடந்ததைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு ஆறவில்லை. சுண்ணாம்பைக் கொண்டுவந்தவர் நல்லவர், கழுவினவள் கெட்டவள். பொறாமையாக இருந்தது, வயிறு எரிந்தது, இவள் குழந்தை, இவளுக்கு என்ன தெரியும் என்று எத்தனை சொல்லிக்கொண்டாலும் எரிந்தது.

அதைவிட ஒரு பயம் உள்ளே அரித்தது. அவள் எல்லாவற்றையும் இடது கண்ணாலேயே பார்த்துச் சமாளிக்கிறாளோ? கலர் அட்டையைக் கொடுத்தால் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாளே, அது வழக்கமா, புதிதா? கணவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

புண் ஆறிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு டாக்டர் பார்வையைச் சோதிக்கக் கூப்பிட்டார். எழுத்து தெரியாத பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்று இந்தியில் எனக்கு விளக்கினார். நல்ல கண்ணை மூடிவிடுவேன். மற்றக் கண்ணில் பார்வை இருந்தால் குழந்தை சும்மா இருக்கும். பார்வை இல்லையென்றால் உலகமே இருட்டாகிவிடும், உடனே கையைத் தட்டிவிடும். நீங்கள் கதவோரம் போய் நில்லுங்கள், சத்தம் காட்டாதீர்கள் என்றார்.

அவள் அப்பா மடியில் இருந்தாள். டாக்டர் கையைக் கொண்டுபோய் இடது கண்ணை மூடினார். மூடிய நொடியில் படீரென்று தட்டிவிட்டாள்.

கதவைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் இன்னொரு முறை மூடினார். திரும்பவும் தட்டிவிட்டு வீறிட்டாள். இவர்தான் மெதுவாக, "கண் பக்கம் யாரோட கை வந்தாலும் இப்படித்தாங்க பண்றா, நான் மூடிப் பார்க்கட்டுமா?" என்று தமிழிலேயே டாக்டரிடம் கேட்டார், பிறகு நினைவு வந்து இந்தியில் சொன்னார். டாக்டர் தலையசைத்தார்.

அவர் உள்ளங்கை அவள் இடது கண் மேல் படிந்தது. அவள் தட்டிவிடவில்லை. அப்பா கைக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே இருந்தாள். டாக்டர் குனிந்து, "மம்மி கஹாங் ஹை, பேட்டா?" என்று கேட்டார். அம்மா எங்கே?

வெந்து ஆறிய அந்த ஒற்றைக் கண் மெதுவாக நகர்ந்தது. டாக்டரின் மேசை, விளக்கு, ஜன்னல். ஜன்னலில் நின்றுவிட்டது. பிறகு அது திரும்பிக் கதவுப் பக்கம் வந்தது, என் மேல் நின்றது, அவள் புருவம் சுருங்கியது. விரலை நேராக என் முகத்துக்கு நீட்டினாள்.

"அங்க. கெட்ட அம்மா."

"ஆமா சாமி, நான்தான், நான்தான்" என்று அந்தக் கதவோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.