கெண்டி என்றொரு சக்களத்தி

என் கணவருக்கு ஒரு பறவைமேல் பித்து. மலாய்க்காரர்கள் அதைக் கெண்டி என்பார்கள். கோழி அளவு உடம்பு, நீண்ட கால், அரிவாள்போல் கீழே வளைந்த மூக்கு. குளிர்நாடுகளிலிருந்து வந்து, எங்கள் ஊர் பாசிர் கூடாங் பக்கத்துச் சேற்றுக்கரையில் சில மாதம் புழு தின்றுவிட்டுப் போகும். தமிழில் கோட்டான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். எனக்குத் தெரிந்த கோட்டான் ஆந்தைதான். ஆந்தையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது அழகாக வேறு இருந்து தொலைத்தது.

தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த கையோடு மோட்டார்சைக்கிளைக் கரைக்கு விட்டுவிடுவார். போகட்டும், மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கு என்றிருந்தேன். பிறகு பெயர் வைக்கத் தொடங்கினார். கூட்டாளியோடு சேர்ந்து வாங்கிய சம்பான் படகுக்குக் கெண்டி. பூப்பந்துக் குழுவின் சட்டை முதுகில் கெண்டி. வீட்டு வைஃபைக்கும் அதே பெயர். தெருவில் கிடந்த பூனையை நான் தூக்கிவந்து பால் ஊற்றினால், அதுவும் கெண்டி ஆனது. அவர் குழைந்து குழைந்து கூப்பிடுவார், பூனை வாலைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'இந்தா'. கூட்டாளிகளிடம் பேசும்போது 'எங்க வூட்ல'. அவருடைய அப்பாவும் அப்படித்தானாம்.

தீபாவளிக்கு நான் சுட்டு விற்கும் முறுக்கு டின்களுக்கு ஸ்டிக்கர் அடித்துக் கொண்டுவந்தாரே, அன்றைக்குத்தான் வெடித்தேன். 'கெண்டி முறுக்கு' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

"முறுக்கு சுடுறது நானு. எம் பேரப் போட்டா என்ன, கொறைஞ்சா போயிருவீங்க?"

"ராசியான பேரு லா அது. நீ ஒருவாட்டி வந்து பாரு, அப்புறம் பேசு."

போனேன். சக்களத்தியை நேரில் பார்க்காமல் எப்படிச் சண்டை போடுவது? தண்ணீர் வற்றியிருந்தது. தூரத்தில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"சத்தம் போடாத, பயந்துரும்," என்று கிசுகிசுத்தார்.

அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. வயிறு எரிந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அதன் மூஞ்சியில் என்று கிட்டப்போய்ப் பார்க்கக் கரையைவிட்டு இறங்கினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் சேறு முழங்காலை விழுங்கிவிட்டது. காலை இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் போனது.

அப்போது அவர் கத்தினார். என் பெயரைச் சொல்லி. சுருக்காமல், முழுப் பெயரையும், தொண்டை கிழியக் கத்தினார்.

கெண்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பி, அழுவதுபோல் கூவிக்கொண்டு கடல்பக்கம் பறந்தன. அவர் செருப்போடு சேற்றில் குதித்து, என் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. அண்ணாந்து பார்த்தது நான்தான். அவை கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.