இரண்டு பக்கமும் ராஜா

யுத்த காலத்தில், கல்யாணமான புதிதில், நானும் என் கணவரும் கோபாலபுரத்தில் குடியிருந்தோம். அவருக்கு வெள்ளிக் காசுப் பைத்தியம். காசிலுள்ள பூவுக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா என்று முதல் வாரமே எனக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு வருஷத்துக் காசில் மட்டும் இங்கிலாந்து ராஜாவின் அங்கியில் சின்னதாகப் பொறித்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகி, பன்றி போலத் தெரியும். அந்தக் காசு ஒன்றை மளிகைக் கடைச் சில்லறையில் நானே கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு அவரைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றியது.

ஒரு ஞாயிறு மாலை பாண்டி பஜாரில் வளையல் வாங்கப் போனோம். கடைக்கார பாய் கள்ளக் காசு வந்தால் மேஜைப் பலகையில் ஆணி அடித்து வைத்துவிடுவார். நாங்கள் நுழைந்தபோது அவர் கையில் சுத்தியல் இருந்தது.

"இன்னாம்மா அநியாயம் இது, ரெண்டு பக்கமும் ராஜா மூஞ்சி கீது. எவனோ என் தலையில கட்டிட்டுப் போய்ட்டான்" என்றபடி ஓர் அரை ரூபாயின் மேல் ஆணியை நிறுத்தினார்.

நான் தாவி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கடையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் என்னைப் பின்னால் இழுத்தார். ஆனால் காசைப் பார்த்ததும் என்னை மறந்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கம் ராஜா புடைப்பாக, இடப்புறம் பார்த்திருந்தார். மறுபக்கம் அதே முகம் பள்ளமாக, வலப்புறம் திரும்பியிருந்தது.

வேறு அரை ரூபாய் கொடுத்து இதைக் கேட்டிருந்தால் பாய் சந்தோஷமாகத் தந்திருப்பார். கணவரின் கை சட்டைப் பைக்குப் போகவும் செய்தது. நான் முழங்கையால் இடித்தேன். அவர் உண்மையைச் சொன்னார். இது கள்ளக் காசல்ல. அச்சில் முந்தைய காசு விழாமல் ஒட்டிக்கொண்டு, அடுத்து வந்த தகட்டில் தன் முகத்தை அழுத்திவிட்டது. சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

பாய் சட்டென்று காசை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் முகம் தொங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"உங்களுக்கும் ஆசை, எனக்கும் ஆசை. மாசா மாசம் மாத்தி வச்சிக்கலாம். மொதல் மாசம் நீங்க எடுத்துக்கினு போங்க. கையப் புடிச்சது நீங்கதானே."

அன்று வாங்க வந்த வளையலையே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினோம். சப்பாத்தி மாவில் பள்ளமான பக்கத்தை அழுத்தினேன். ராஜா மூக்கும் தாடியுமாக மாவிலிருந்து எழுந்து வந்தார். வீட்டிலிருந்த மாவு முழுவதும் ராஜாவாகும்வரை எங்களால் நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து என்ன பலகாரம் என்று கேட்டார். சிரித்துக்கொண்டே ஒரு ராஜாவை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

இரண்டு வருஷம் அந்தக் காசு கடைக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்தது. கணவருக்குத் திருச்சிக்கு மாற்றலானபோது அது கடையின் மாதம். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவந்தோம். அதன்பின் பாயிடமிருந்து அடிக்கடி ஒரு கார்டு வரும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "காசு சௌக்கியம்."