பனி வழிக்கிறவரோடு பனிமலையில் ஒரு நத்தார்

டிசம்பர் வந்தால் ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோவில் பாதிப்பேர் கியூபா, டொமினிக்கன் என்று வெயில் தேடிப் பறப்பார்கள். நாங்கள் போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வீட்டில் கிடக்கிற பனி போதாதென்று கியூபெக் மலைகளில் இருக்கும் மொன்-ட்றோம்ப்ளோன் என்ற ஊருக்கு, 575 கிலோமீற்றர் ஓடிப் போனோம். படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் விபரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் போட்டுக் கை வலிக்கிறது. ஆகவே இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தேவை செலவும் நேரமும்தான் என்று தெரியும், அதெல்லாம் வரும். ஆனால் எனக்குச் சொல்ல வேறொரு கதையும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அன்ரனின் வேலை பனி வழிப்பது. பதினான்கு குளிர்காலமாக ஸ்காபரோ பிளாசாக்களிலும் அப்பார்ட்மென்ற் பார்க்கிங்குகளிலும் பனி தள்ளும் ப்ளோ பூட்டிய ட்ரக் ஓட்டுகிறார். நவம்பர் பிறந்தால் போன் தலையணைக்குப் பக்கத்தில். நத்தார் என்றில்லை, நல்ல நாள் பெரிய நாள் என்றில்லை, கொட்டினால் போகவேண்டும். போன முறைக்கு முந்தின நத்தாரில் இறைச்சிக் கறியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், மனிசன் சப்பாத்துப் போடுகிறார். நாங்கள் கத்தோலிக்கர், ஊரில் மன்னார்ப் பக்கம். நத்தார்ப் பூசைக்கு மூன்று பேரும் ஒன்றாகப் போய் இருந்தது இந்தப் பதினான்கில் மூன்று தரமோ என்னவோ.

செப்டெம்பரில் எங்கள் மகள் ஜெனிற்றா வாயைத் திறந்தாள். அவளுக்குப் பதினேழு. அடுத்த வருடம் யூனிவேசிற்றி. "அம்மா, நெக்ஸ்ட் இயர் நான் எங்க இருப்பனோ தெரியாது. ஒரே ஒரு கிறிஸ்மஸ், அப்பாவோட, ஃபுல்லா. அவர் ஸ்னோவை வழிக்காமல் சும்மா நிண்டு பாக்கவேணும்," என்றாள். அந்த நிமிடமே முடிவெடுத்தேன்: இந்த முறை மூன்று பேரும் ஒன்றாகப் பூசைக்குப் போகிறோம், இடையில் ஒருவரும் எழும்பி ஓடக்கூடாது.

இவர் முதலில் கேட்ட கேள்வி, "ஸ்னோவைப் பாக்கக் காசு குடுத்து ஆறு மணித்தியாலம் ஓடுறதோ? உதென்ன விசர்க்கதை?"

வழி திறந்தவர் இவரோடு வேலை செய்யும் குகன் அண்ணை. அவர் சைவ சமயம். "அன்ரன், நத்தாருக்கு உன்ர றூட்டை நான் பாக்கிறன். தைப்பொங்கலுக்கு என்ர றூட்டை நீ பார். முடிஞ்சுது அலுவல்," என்றார். இத்தனை வருடமும் இந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லையே என்று எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் வாய் திறந்து கேட்டால்தானே வரும்.

இனித் திட்டம். நத்தார்க் கிழமைக்குச் செப்டெம்பரே பிந்திவிட்டது, கோடையிலேயே பாருங்கள். கிராமத்து நடுவில் ஒன்றும் அகப்படவில்லை. நாலரைக் கிலோமீற்றர் தள்ளி, மேட்டில் ஒரு மரவீடு அகப்பட்டது. மூன்று இரவு, துப்புரவுக் காசும் வரியும் சேர்த்து 1,150 டொலர். நான் ரிவ்யூ ஒன்று விடாமல் வாசித்தேன். அடுப்பங்கரை, கணப்பு, கட்டில், வைஃபை எல்லாம் விசாரித்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாமான் கட்டும்போது நத்தார்க் கேக்கை வைத்தேன். ரவை, கஜு, பூசணி அல்வா எல்லாம் போட்டு நவம்பரிலேயே சுட்டு, எண்ணெய்த் தாளிலும் பிறகு கலர்த் தாளிலும் சுற்றின துண்டுகள், எழுபத்திரண்டு. ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் ரூஜ் பகுதியில், எங்கள் தெருவில் யார் எந்த மதமென்று பாராமல் வீட்டுக்கு வீடு தட்டத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை தெருவுக்கு முதலே கொடுத்து முடித்துவிட்டேன். இவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அங்க ஆருக்குக் குடுக்கப்போறீர்?" என்றார். கேக் இல்லாமல் நத்தார் உண்டோ என்று அவர் வாயை அடைத்தேன்.

23ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். 401இல் கிழக்கே, விட்பி தாண்டும்வரை வாகனம் இருந்தது, பிறகு வெறும் வீதி. எட்டரைக்கு கிங்ஸ்ரனில் கோப்பி. 416இல் ஏறி ஒட்டாவா. ஆற்றைக் கடந்தால் கியூபெக், பலகையெல்லாம் பிரெஞ்சில். 50ஆம் நெடுஞ்சாலையில் மொன்ரெபெல்லோவரை போய், அங்கிருந்து 323இல் வடக்கே திரும்பவேண்டும். இந்தக் கடைசி அறுபத்தைந்து கிலோமீற்றர்தான் அழகு. ஏரி, சவுக்கை ஒத்த மரங்கள், மேடு, பள்ளம், ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கூடின பனி. அவசரப்பட்டு ஓடாதீர்கள். வின்ரர் ரயர் இல்லாமல் இந்த வீதிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

அந்த வீதியில்தான் இவர் மெதுவாகக் கேட்டார். "இஞ்சேரும், அந்த வீட்டு ட்றைவ்வேயை ஆர் வழிக்கிறது?"

நான் புக்கிங் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். துவாய் எத்தனை என்று கூட இருந்தது. பனி யார் வழிப்பதென்று இல்லை.

"கேக்கேல்லையோ?"

"இல்லை."

"பதினாலு வருசமா ஸ்னோ வழிக்கிறவன்ர மனிசி," என்று சொல்லிவிட்டு ஸ்ரியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்சீற்றில் மகளும் சேர்ந்துகொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மரவீட்டின் சொந்தக்காரிக்கு மெசேஜ் போட்டேன். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து வழிப்பார், ஆனால் நத்தாரன்று பெரிய வீதி முடித்துத்தான் எங்கள் பக்கம், மத்தியானமும் ஆகலாம் என்று பதில் வந்தது. வானிலை அறிக்கை 24 இரவுக்கு இருபத்தைந்து சென்ரிமீற்றர் என்றது. பூசை 25 காலை பத்து மணிக்கு. நான் செபமாலையைக் கையில் எடுத்தேன்.

இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். 24ஆம் தேதியை முழுக்க ஊர் பார்க்க வைத்திருந்தோம், ஐயோ, அந்த அழகை என்ன சொல்ல. மலையடிவாரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலக் கூரைகளாக ஒரு சின்னக் கிராமம், உள்ளே வாகனம் கிடையாது. கீழ்ப் பார்க்கிங் பக்கமிருந்து மேலே போகத் திறந்த தொங்குவண்டி, அது இலவசம். கூரைகளுக்கு மேலாக நின்றபடி மிதந்து போகும்போது நானே சின்னப்பிள்ளை ஆகிவிட்டேன். மேப்பிள் பாணியைக் காய்ச்சி வெண்பனியில் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தருகிறார்கள், ஒன்று நாலு டொலர், நான் மூன்று தின்றேன். பனிச்சறுக்கு எங்களுக்குச் சரிவராது. பழகினவர்கள் மலையுச்சியிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவே ஒரு மணித்தியாலம் போதாது.

இவர் என்ன பார்த்தார் தெரியுமோ? பனியை எப்படிக் குவித்திருக்கிறார்கள் என்று. "பாரும், வடிகாலை மறைக்காமல் என்ன வடிவாத் தள்ளியிருக்கிறான்," என்றார். "இஞ்ச உப்புக் குறைவு, மண்தான் கூடப் போடுறாங்கள்," என்றார். மகள் அவர் தோளைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வழிக்காமல் பாத்தா ஸ்னோ வடிவுதான்," என்று ஒப்புக்கொண்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் இவர் உள்ளே வரவில்லை. பார்த்தால் காய்ந்த கிளைகள் இரண்டை முறித்து, மகளுடைய சிவப்பு ரிபனைக் கட்டி ட்றைவ்வே ஓரத்தில் ஊன்றிக்கொண்டிருக்கிறார்.

"இதில ரெண்டு பெரிய கல்லுக் கிடக்கு. இரவைக்கு மூடுப்பட்டிடும். வழிக்க வாறவன் தெரியாமல் இடிச்சானெண்டா ப்ளோவின்ர ப்ளேட் உடைஞ்சு போயிடும்."

"விடுமுறைக்கு வந்த இடத்திலயுமோ?" என்று நான் பகிடி பண்ணினேன்.

நத்தார் காலை ஏழரைக்குத் திரையை விலக்கினால் நாங்கள் ஓடி வந்த வான் இல்லை. அதாவது வான் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. முப்பது சென்ரிமீற்றருக்குக் குறையாது. ட்றைவ்வே நூற்றிருபது மீற்றர், ஏற்றம் வேறு. வீட்டில் இருந்தது ஒரேயொரு பிளாஸ்ரிக் சவள். இவர் ஏற்கெனவே வெளியில் நின்று அதால் வழித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரவுச் சட்டைக்கு மேல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய், "இண்டைக்கும் வழிக்கிறீங்களோ? இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். பிழை என்னுடையது என்று தெரியும், அதனால் கூடுதலாக அழுதேன்.

"பூசைக்குப் போகவேணுமல்லோ," என்றார். நிறுத்தவில்லை.

ஜெனிற்றா கேக் சுடும் அலுமினியத் தட்டோடு வந்தாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். நான் குப்பைவாளி மூடியை எடுத்தேன். மூன்று பேரும் மாறி மாறி வழித்தோம். ஒன்பதேகால் ஆகியும் பாதிகூட ஆகவில்லை. "இனி வெளிக்கிட ஏலாது," என்று நான் மூடியைப் போட்டேன்.

அப்போது கீழே ப்ளோ பூட்டிய பழைய பிக்கப் ஒன்று திரும்பியது. நேரே ஏறி வந்தது, இரண்டு சிவப்பு ரிபனுக்கும் முன்னால் ப்ளேட்டைத் தூக்கி, விலத்தி, மறுபடி இறக்கியது. எட்டு நிமிடம், அவ்வளவுதான். ஓட்டினவர் கண்ணாடியை இறக்கி ரிபனைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அறுபது வயதிருக்கும்.

"ஆர் இதை நட்டது எண்டு கேக்கிறார்," என்று மகள் சொன்னாள். அவள் படித்தது பாடங்களைப் பிரெஞ்சிலேயே சொல்லித்தரும் இம்மேர்ஷன் வகுப்பில், அந்தப் படிப்பு அன்றைக்குத்தான் பலன் தந்தது. "அப்பா எண்டு சொன்னன். அவரும் ரொறன்ரோவில ப்ளோ ஓட்டுறவர் எண்டும் சொன்னன்."

அந்த மனிதர் இவரைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். இவரும் கழற்றினார்.

நான் அந்த மனிதருக்கு அலைச்சல் வேண்டாம், போகட்டும், நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இவர், "நிப்பாட்டச் சொல்லு பிள்ளை," என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் கேக் பெட்டி. பெட்டியை அப்படியே திறந்து நீட்டினார். அவர் இறங்கி நின்று, கலர்த் தாளைக் கவனமாகப் பிரித்து, இரண்டு துண்டு சாப்பிட்டார். இன்னும் பத்தொன்பது வீடு இருக்கிறது, முடிய இரண்டு மணியாகும், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார். இவர் இருபது துண்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

பிக்கப் இறங்கிப் போனதும் இவர் வானில் ஏறாமல் நின்றார். "பதினாலு வருசமப்பா. நத்தாரண்டு எத்தனை வாசல் வழிச்சிருப்பன். ஒரு கதவு திறந்ததில்லை," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கோயிலுக்குள் போனோம். பூசை பிரெஞ்சில், பாடல்களின் ராகம் மட்டும் தெரிந்தது. நடுவில் வைக்கோல் போட்ட பாலன் குடில். இவர் போனை வானிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. என் கண் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. பூசை முடிந்து பார்த்தால் குகன் அண்ணையின் மெசேஜ்: "இஞ்ச ஒரு பொட்டு ஸ்னோவும் இல்லை. நான் படுத்திருக்கிறன். மெரி கிறிஸ்மஸ்."

26 காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டு மாலை ஐந்துக்கு ரூஜ் வந்து சேர்ந்தோம். பெற்றோல் 185 டொலர். சாப்பாடு பெரும்பாலும் என் சமையல், வெளியில் மூன்று நாளும் 140க்குள். எல்லாமாக ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிட்ட. நீங்கள் போவதானால் 323ஐ இருட்ட முதல் ஓடி முடித்துவிடுங்கள், ஒரு நல்ல சவள் வானில் போடுங்கள், நத்தாரன்று கடைகள் பூட்டு என்பதால் பாலும் பாணும் 24ஆம் தேதியே வாங்குங்கள். வீடு எடுக்கும்போது துவாயை விசாரிக்கும் முன் பனி யார் வழிப்பார், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

தைப்பொங்கலன்று ரொறன்ரோவில் நன்றாகக் கொட்டியது. சொன்ன சொல்லுக்கு இவர் விடியமுன்னமே குகன் அண்ணையின் றூட்டுக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்கு நகரசபையின் ப்ளோ வந்தது. வீதிப் பனியைத் தள்ளி எங்கள் வாசலை அடைத்துவிட்டுப் போகும் அந்த வண்டியை நான் எத்தனை வருடமாக ஜன்னலுக்குள் நின்று திட்டியிருக்கிறேன். தெரு முழுக்கக் கேக் கொடுத்தவள் நான், அந்த வண்டி ஓட்டுகிறவரின் முகம் எனக்குத் தெரியாது.

மிச்சக் கேக்கில் ஆறு துண்டையும் ஒரு போத்தல் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு வெளியில் போய்க் கையைக் காட்டினேன். வண்டி நின்றது. இறங்கின கண்ணாடிக்குள் ஒரு சின்ன வயதுப் பெண். நான் வாயைத் திறக்கமுன், வாசலை அடைத்ததற்கு மன்னிக்கவேண்டும் என்று அவசரமாகச் சொல்லத் தொடங்கினாள்.